‘வழக்கம்போல’ எழுதப்படும் பத்திரங்கள்: ஆவண எழுத்தர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டார ஆவண எழுத்தர் சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன மாதக் கூட்டத்தில் நீங்கள் போட்ட தீர்மானம் இப்போது உங்கள் அலுவலகச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கிறது. “ஆவணத்தில் எழுதப்படும் பரிமாற்றம் கடனா, கிரயமா என்று விசாரிப்பது ஆவண எழுத்தரின் பணி அல்ல. தரப்பினர் சொல்வதை எழுதுவதே பணி.” கீழே சங்க முத்திரை. இது ஏன் வந்தது என்று ஊருக்கே தெரியும். நிலப் பத்திரத்தை வைத்து வட்டிக்கு வாங்கி வீட்டை இழந்த, இழக்கப் பார்த்த மூன்று குடும்பங்கள், கடன் கொடுத்தவரோடு சேர்த்து, பத்திரம் எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் போட்ட உங்கள் ஆட்களின் பெயரையும் புகாரில் எழுதிவிட்டார்கள்.

அந்த மூன்றில் ஒன்று என் அண்ணன் குடும்பம். அண்ணனுடைய பத்திரத்தை நான் தட்டச்சு செய்யவில்லை. ஆனால் அதே மாதிரிப் பத்திரங்களை ஒன்பது வருடம், உங்களில் ஒருவரது மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பாமினி எழுத்துருவில் அடித்துத் தள்ளியிருக்கிறேன். எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. ‘உள்ளே நடப்பது எங்களுக்குத் தெரியாது’ என்று நீங்கள் சொன்னால் வேறு யாராவது நம்பலாம். என்னால் முடியாது.

வருகிறவர்கள் மூன்று பேராக வருவார்கள். பணம் கொடுப்பவர், புரோக்கர், பணம் வாங்குபவர். பேசுவதெல்லாம் முதல் இருவர்தான். மூன்றாமவர் மஞ்சள் பையில் இருக்கும் மூலப் பத்திரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். “அக்ரிமெண்ட் போட்டுடுங்க, பதினொரு மாசம்.” அதாவது, சொத்தைப் பதினொரு மாதத்துக்குள் விற்றுக் கொடுப்பதாக எழுதும் கிரய (விற்பனை) ஒப்பந்தம். “தொகை?” “வழக்கம்போல.” அந்த ஒரு வார்த்தை போதும். கொடுக்கிற அசலோடு ஒரு வருட வட்டியையும் கூட்டி முன்பணம் என்று போட வேண்டும். அதற்கு மேல் ஒரு சின்னத் தொகையைப் பாக்கி என்று காட்டி, இரண்டையும் சேர்த்துக் கிரயத் தொகை என்று எழுத வேண்டும். கணினியில் மாதிரி தயாராக இருக்கும். பெயர், சர்வே எண், நான்கு எல்லை, தொகை இவற்றை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் பத்திரம் வந்துவிடும். “எனக்கு ஏற்பட்டுள்ள குடும்பச் செலவு மற்றும் தொழில் அபிவிருத்திக்காக அடியிற்கண்ட சொத்தை விற்க மனப்பூர்வமாகச் சம்மதித்து” என்ற வரியை அடித்து அடித்து எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

கிளம்பும் முன் அந்த மூன்றாம் ஆள் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். “திருப்பிக் கட்டிட்டா பத்திரம் உடனே கையில கிடைச்சுடும்ல?” வீட்டை விற்க வந்தவன் இதைக் கேட்பானா? இதற்கு நம் அலுவலகங்களில் சொல்லப்படும் பதில், “அதெல்லாம் கிடைச்சுடும், கவலைப்படாதீங்க.” அதோடு விடுவதில்லை. சார்பதிவாளர் முன்னால் போய் நிற்பதற்கு முன் ஒரு பாடமும் நடக்கும். “எழுதிக் கொடுத்தது நீங்கதானேன்னு கேட்பாங்க, ஆமான்னு சொல்லுங்க. பணம் வாங்கிட்டீங்களான்னு கேட்பாங்க, வாங்கிட்டேன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க.” இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது அது எனக்கு வேலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். லேத் பட்டறைக்கு ஒரு பழைய இயந்திரம் வாங்க 8 லட்சம் தேவைப்பட்டது. அப்பா காலத்து வீடு; பட்டா இன்னும் அப்பா பெயரில். வருமான வரிக் கணக்கு எதுவும் இல்லை. வங்கியில் இரண்டு நடை போய் வந்தான், பிறகு போகவில்லை. புரோக்கர் மூலம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. ‘மூணு வட்டி’ என்று சொல்லும்போது சின்னதாகத்தான் தெரிகிறது. வருடத்துக்கு 36 சதவீதம். மூன்று மாத வட்டி 72,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். புரோக்கருக்கு 16,000. அண்ணன் கைக்கு வந்தது 7,12,000 ரூபாய். பத்திரத்தில் எழுதியிருந்தது வேறு: கிரயத் தொகை 12 லட்சம், அதில் 11 லட்சம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டான், மீதி 1 லட்சம் பதினொரு மாதத்துக்குள். வீடு அன்றைக்கே 30 லட்சம் போகும்.

பிடித்த மூன்று மாதம் போக, பத்தொன்பது மாதம் தவறாமல் 24,000 கட்டினான். கணக்குப் போட்டால் 4,56,000. பதினொரு மாதம் முடிந்தபோது, “வட்டி வந்துட்டிருக்குல்ல, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்று வாய்வார்த்தையில் விட்டார்கள். பிறகு பட்டறைக்கு ஆர்டர் நின்றது. நான்கு மாதம் வட்டி தவறியது. ஐந்தாவது மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது: ‘என் கட்சிக்காரர் பாக்கிக் கிரயத் தொகை 1 லட்சத்தைச் செலுத்த எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்து வருகிறார், தாங்கள் வந்து கிரயப் பத்திரம் எழுதிக்கொடுக்கவும்.’ அந்த நோட்டீஸில் கடன் என்ற சொல்லே இல்லை. அண்ணி அதைப் படித்துவிட்டு, “நாம வீட்டை விக்கிறதா எப்போ சொன்னோம்?” என்று கேட்டாள். யாரிடம் என்ன பதில் இருக்கிறது?

காவல் நிலையத்துக்குப் போனோம். தமிழ்நாட்டில் 2003-இல் கொண்டுவந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊர்ப் பெயர்களையே சட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பத்திரத்தை வாங்கிப் பார்த்த அதிகாரி, “இதுல வட்டின்னு ஒரு வார்த்தைகூட இல்லையேம்மா, இது சிவில்” என்று திருப்பிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வார்த்தை வராமல் எழுதிக் கொடுப்பதற்குத்தானே உங்களுக்குக் கூலி.

அடமானத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களில் மூத்தவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், இந்த மடலைப் படிக்கிற வேறு சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் அடமானம் என்று ஒன்றைப் பதிந்தால், கடன் வாங்கியவருக்கு மீட்கும் உரிமை உண்டு. அறுபதாவது பிரிவு. ‘குறித்த நாளில் கட்டாவிட்டால் சொத்து உனக்கே’ என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் நீதிமன்றம் அதை ஏற்காது. மீட்பு வழக்குப் போட முப்பது வருடம் காலவரம்பு. சாதாரண அடமானத்தில், கட்டவே முடியாமல் போனாலும் சொத்து ஏலத்துக்குத்தான் போகும். கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சியது வீட்டுக்காரருக்கு. 30 லட்சம் வீட்டை 8 லட்சம் கடனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள அந்த அடமானத்தில் வழி இல்லை. கிரய ஒப்பந்தத்தில் உண்டு. பதினொரு மாதம், 1 லட்சம் பாக்கி, முடிந்தது கதை.

2018-க்கு முன்னால் கொஞ்சம் மூச்சுவிட இடமாவது இருந்தது. ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடு என்று உத்தரவிடுவதா, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதா என்பதை நீதிபதி நியாயம் பார்த்துத் தீர்மானிக்கலாம். அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குறித்தவகைத் தீர்வுச் சட்டத் திருத்தம் அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டது. ஒப்பந்தம் உண்மையென்றும் வாங்குபவர் தயாராக இருந்தாரென்றும் நிரூபணமானால் பெரும்பாலும் கிரயம்தான். உண்மையான கிரய ஒப்பந்தங்களுக்கு அது நல்ல திருத்தமாக இருக்கலாம். கடனுக்காக எழுதிய போலி ஒப்பந்தங்களுக்கு அது கூர் தீட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த வருடத்துக்குப் பிறகும் நாம் அதே மாதிரியைத்தான் அடித்துக்கொண்டிருந்தோம். ஒரு எழுத்து மாறவில்லை.

எழுதிய பத்திரத்துக்கு மாறாக வாய்ச்சாட்சி சொல்ல முடியாது என்ற விதி இருக்கிறதே, பிறகு எப்படி நிரூபிப்பது என்று எங்கள் வக்கீலிடம் கேட்டேன். கங்காபாய், சபுபாய் என்ற இருவருக்கு இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினார். பத்திரத்தின் நிபந்தனையை மாற்றத்தான் வாய்ச்சாட்சி கூடாது. இந்தப் பத்திரமே நடைமுறைப்படுத்தும் எண்ணத்தில் எழுதப்படவில்லை, உள்ளே இருந்தது கடன்தான் என்று காட்டச் சாட்சி சொல்லலாம். சரி, சாட்சி யார்? பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட உங்கள் உறுப்பினரைக் கூப்பிட்டோம். “எனக்குத் தெரிஞ்சது கிரய அக்ரிமெண்ட்தான்” என்றார். அண்ணனின் கைப்பேசியில் மாதாமாதம் ஐந்தாம் தேதி ஜீபேயில் போன 24,000 ரூபாய்தான் கடைசியில் எங்களுக்குச் சாட்சி. அதுவும் பன்னிரண்டு மாதத்துக்குத்தான் இருந்தது. மீதி ஏழு மாதம் ரொக்கமாக வாங்கிப் போனார்கள், ரசீது கிடையாது.

வழக்கை முடிவு வரை நடத்த எங்களுக்குத் தெம்பு இல்லை. சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அந்த ஒப்பந்தம் உட்கார்ந்திருக்கிற வரை வீட்டை விற்கவும் முடியாது, வேறு கடன் வாங்கவும் முடியாது. அண்ணியின் நகை, என் சீட்டுப் பணம், உறவில் இரண்டு கைமாற்று என்று திரட்டி 11,50,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ஒப்பந்தத்தின் ரத்து ஆவணத்தில் கையெழுத்துப் போட வருவதற்குக் கடன் கொடுத்தவர் தனியாக 25,000 கேட்டார், கொடுத்தோம். கையில் வாங்கியது 7,12,000, கட்டியது 16,31,000. வீடு மிஞ்சியது. மற்ற இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு அதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் ஒப்பந்தத்தோடு, தங்கள் சார்பில் சொத்தை விற்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரமும் (பவர்) எழுதிக் கொடுத்திருந்தார்கள். பவர் வாங்கியவர் கடன் கொடுத்தவரின் மைத்துனர். அவர் மூன்றாவது ஆளுக்குக் கிரயம் செய்துவிட்டார். பவர் மட்டும் இருந்தால் சொத்து கைமாறிவிடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் சொன்னதை நீங்கள் வருகிறவர்களுக்கு ஆறுதலாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பவரே கிரயம் ஆகாது என்பது சரிதான். ஆனால் அந்தப் பவரை வைத்து முறைப்படி ஒரு கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால் அந்தத் தீர்ப்பு யாரைக் காப்பாற்றும்?

கடன் கொடுப்பவர்கள் எல்லோரும் வீட்டைப் பிடுங்க அலைகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஓய்வூதியப் பணத்தை வங்கி வைப்பில் போட்டால் கட்டவில்லை என்று ஒரு வட்டிக்குக் கொடுக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பயமும் நியாயமானதுதான். வங்கிக்கு 2002-இன் சர்ஃபேசி சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுத்து ஏலம் விடலாம். தனியாருக்கு அது கிடையாது. அடமான வழக்கு என்றால் முதல்நிலைத் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை, பிறகு ஏலம் என்று வருடக்கணக்கில் இழுக்கும். அதனால் குறுக்கு வழி தேடுகிறார்கள். அவர்களிடம் நீங்கள் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லிப் பார்த்ததில்லை: பதிந்த அடமானத்துக்குப் பன்னிரண்டு வருடம் காலவரம்பு உண்டு, வில்லங்கத்தில் ஏறிவிடுகிறது, வேறு யாரும் அந்தச் சொத்தைத் தெரியாமல் வாங்க முடியாது. வெறும் புரோநோட்டு மூன்று வருடத்தில் செத்துப்போகும். போலி ஒப்பந்தமும் சந்தேகத்துக்கு இடமான பத்திரம்தான், எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வக்கீல் அமைந்தால் கொடுத்தவர்தான் மாட்டுவார்.

நேர்மையான கொடுக்கல் வாங்கலைக்கூட இந்த வழக்கம் கெடுத்துவிடுகிறது. நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு பெரியவர் வந்தார். 2 லட்சம் வாங்கி, இரண்டே வருடத்தில் வட்டியும் முதலுமாகக் கட்டி முடித்தவர். கொடுத்தவரும் நல்ல மனிதர், மூலப் பத்திரத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நம் அலுவலகத்திலும் யாரும் சொல்லவில்லை. ஆறு வருடம் கழித்துப் பெண் கல்யாணத்துக்கு வீட்டின் பேரில் வங்கிக் கடன் கேட்டபோது, வில்லங்கத்தில் கிரய ஒப்பந்தம் நிற்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுத்தவர் இறந்துபோயிருந்தார். வாரிசுகள் ஐந்து பேர், ஒருவர் துபாயில். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று ஆன பிறகு இந்தத் தொல்லை அதிகம். அடமானமாக எழுதியிருந்தால் கடன் தீர்ந்ததும் ஒரு ரசீது ஆவணம் பதிந்துவிட்டுப் போவது நமக்கெல்லாம் பழக்கம். பெரியவர் எங்கள் மேசை முன் உட்கார்ந்து, “நான்தான் கட்டிட்டேனேம்மா” என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பத்திரம் நான் அடித்தது. அடுத்த மாதம் வேலையை விட்டேன். பெரிய துணிச்சல் எதுவும் இல்லை, வேறு வேலை கிடைத்திருந்தது.

“நாங்க எழுதலைன்னா அடுத்த கடையில எழுதுவாங்க.” இதை என் முதலாளி சொல்லியிருக்கிறார், உங்கள் செயலாளரும் போன வாரம் என்னிடம் சொன்னார். சங்கம் இல்லாத இடத்தில் அது சரியான பதில்தான். உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. கூலி எவ்வளவு என்று ஒரே குரலில் முடிவு செய்கிறீர்கள், விடுமுறை எந்த நாள் என்று முடிவு செய்கிறீர்கள். அரசு கொடுத்த உரிமத்தின் பேரில் தொழில் செய்கிறீர்கள். உரிம எண்ணும் பெயரும் ஒவ்வொரு பத்திரத்தின் கடைசிப் பக்கத்திலும் வருகிறது. தரப்பினர் சொல்வதை எழுதுவதுதான் பணி என்றால், அந்த மூன்று பேரில் மூன்றாவது ஆளும் ஒரு தரப்பினர்தான். அவர் சொல்வதை யார் கேட்டார்கள்?

நான் கேட்பவை இவை.

சுவரில் ஒட்டிய தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள், அதையும் எழுத்தில் ஒட்டுங்கள்.

முன்பணம் கிட்டத்தட்ட முழுக் கிரயத் தொகையாக இருந்தாலோ, விலை அரசின் வழிகாட்டி மதிப்புக்குப் பக்கத்தில்கூட வராவிட்டாலோ, சொத்துக்காரரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்: “விக்கிறீங்களா, கடன் வாங்குறீங்களா?” கொடுப்பவரும் புரோக்கரும் வெளியே டீ குடித்துவிட்டு வரட்டும். கடன் என்று சொன்னால் ஒப்பந்தம் எழுத மாட்டோம், அடமானம் எழுதுவோம், அல்லது அனுமதி உள்ள ஊராக இருந்தால், மூலப் பத்திரத்தைக் கடனுக்குப் பிணையாக ஒப்படைத்ததைக் காட்டும் உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரம் எழுதுவோம் என்று சங்கமாக முடிவெடுங்கள். கடனுக்குப் பிணையாகப் பொது அதிகாரப் பத்திரம் எழுதவே மாட்டோம் என்பதையும் அதிலேயே சேருங்கள்.

கைமாறிய உண்மையான தொகையை எழுதுங்கள். வங்கி வழியாகப் போயிருந்தால் தேதியும் பரிவர்த்தனை எண்ணும் பத்திரத்தில் வரட்டும். முதலிலேயே பிடித்த வட்டியை அசலில் சேர்த்து எழுதாதீர்கள். நிரப்பாத முத்திரைத்தாளில் யாரிடமும் கையெழுத்து வாங்கி வைக்காதீர்கள். உங்கள் அலமாரியில் இப்போது அப்படி இருப்பவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். அப்படிப்பட்ட கட்டு ஒன்று எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்கு நினைவிருக்கிறது.

எழுதியதைக் கையெழுத்துக்கு முன் முழுவதும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பதிவான அன்றே கடன் வாங்கியவர் கையில் ஒரு நகல் கொடுங்கள். கடன் தீர்ந்தால் ரசீதோ ரத்தோ பதிய வேண்டும் என்பதை அந்த நகலின் மேலேயே கையால் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. மற்ற இரண்டு குடும்பங்களின் வழக்கு இன்னும் நடக்கிறது. அவற்றில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உங்கள் உறுப்பினர்கள் இருவரும், அன்று அந்த மேசையில் என்ன பேசப்பட்டது என்பதை நீதிமன்றத்தில் அப்படியே சொல்லச் சொல்லுங்கள். நான் அடித்த பத்திரங்கள் சம்பந்தமாக யார் கூப்பிட்டாலும் நானும் வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருடம் தட்டச்சராக இருந்தவள்